ரேடியேட்டருக்கு போர் தண்ணி ஊற்றும் மகா சிக்கனம்

மே மாசத்து மத்தியானம். தி.நகர் உஸ்மான் ரோட்டில் ஒரு கார் ஓரங்கட்டி நிற்கிறது. பானெட் திறந்திருக்கிறது, உள்ளேயிருந்து ஆவி வந்துகொண்டிருக்கிறது. டிரைவர் பக்கத்துக் கடையில் கெஞ்சி ஒரு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணி வாங்கி வந்து ரேடியேட்டரில் ஊற்றுகிறார். "என்னப்பா ஆச்சு?" என்று பின் சீட்டிலிருந்து ஓனர் கேட்கிறார். "ஒண்ணுமில்ல சார், வெயில்ல ஹீட் ஆயிடுச்சு. தண்ணி ஊத்திட்டேன், போலாம் சார்." வண்டி கிளம்புகிறது. ஓனருக்கும் திருப்தி, டிரைவருக்கும் திருப்தி.

கீழே ரோட்டில் சிந்தியிருக்கும் தண்ணியை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அது தண்ணி நிறத்திலேயே இருக்காது. நாயர் கடை டீ மாதிரி இருக்கும். அந்த நிறத்துக்குப் பெயர் துரு. அந்தக் காரின் இன்ஜின் உள்ளிருந்து கரைந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இன்ஜினில் துரு பிடிப்பது வண்டியின் வயசாலும் இல்லை, சென்னை வெயிலாலும் இல்லை. ஊற்றுகிற தண்ணியால் பிடிக்கிறது. காசை மிச்சப்படுத்துகிறேன் பேர்வழி என்று சென்னைவாசிகள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் காருக்குத் தாங்களே செய்துகொள்ளும் சேதம் இது. இதற்குத் துணையாக ஐந்து பொய்கள் ஊரில் உலாவுகின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பொய் நம்பர் 1: "எல்லாம் வெயில்தான்"

2003 மே கடைசியில் சென்னையில் 45 டிகிரி அடித்தது. இந்த ஊர் பார்த்த உச்ச வெயில் அதுதான். சரி, காரின் இன்ஜினுக்குள் சாதாரணமாக எவ்வளவு சூடு தெரியுமா? ஏறக்குறைய 90 டிகிரி. அந்தச் சூட்டில் ஓடத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். தண்ணியை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மாஸ்டாட் வால்வே பெரும்பாலான கார்களில் 80 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் திறக்கும். வெளியே 38 டிகிரி இருந்தாலும் 45 இருந்தாலும் அந்த 90ஐக் குளிர வைக்க அது போதுமான வித்தியாசம். இதே மாடல் கார்கள் ராஜஸ்தானில் ஓடுகின்றன, வளைகுடா நாடுகளில் ஓடுகின்றன. பனகல் பார்க் சிக்னலில் மட்டும் ஒரு வண்டி கொதிக்கிறது என்றால் வியாதி வண்டிக்குள் இருக்கிறது.

அந்த வியாதி இப்படித்தான் வருகிறது. இன்ஜின் பிளாக் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. (இப்போது அலுமினிய பிளாக்கும் வருகிறது. அதன் கஷ்டம் பின்னால்.) இரும்பு, தண்ணி, தண்ணியில் கரைந்த ஆக்சிஜன், இந்த மூன்றும் சூட்டில் சேர்ந்தால் துரு. தண்ணியில் உப்பும் இருந்தால் அது இன்னும் வேகமாகப் பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைக்கும். உதிர்ந்த துரு தண்ணியோடு சுற்றி, ரேடியேட்டரின் சன்னக் குழாய்களில் போய் உட்காரும். கூடவே கடின நீரின் சுண்ணாம்பும் படியும். ஹீட்டர் போட்ட பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். வார்ப்பிரும்பு சூட்டைக் கடத்தும் வேகத்தில் இருபதில் ஒரு பங்கு வேகம்கூட இந்தப் படிவுக்குக் கிடையாது. ஆக, இன்ஜினுக்கு உள்ளே கம்பளி போர்த்தியாச்சு. அப்புறம் வெயிலைத் திட்டி என்ன பிரயோஜனம்?

பொய் நம்பர் 2: "தண்ணிதானே, எந்தத் தண்ணியா இருந்தா என்ன?"

இதைச் சொல்பவர் சென்னைக்காரர் என்பதுதான் ஆச்சரியம். தண்ணியில் இத்தனை ரகம் பார்த்த ஊர் வேறு உண்டா? மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணி, கேன் தண்ணி, போர் தண்ணி, கிணத்துத் தண்ணி என்று ஐந்து வகையை வீட்டில் தனித்தனியாக வைத்து, குடிக்க ஒன்று, சமைக்க ஒன்று, துவைக்க ஒன்று என்று பிரித்துப் புழங்கும் ஊர் இது. போர் தண்ணியில் தலைக்குக் குளித்தால் முடி கொட்டும் என்று மயிலாப்பூர் மாமி பயப்படுவார். பிடித்து வைத்த தண்ணி சாயங்காலத்துக்குள் மஞ்சளாகும் தெருக்கள் உண்டு. கடலை ஒட்டிய அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் உப்புக் கரிக்கும் கிணறுகள் உண்டு. இதெல்லாம் தெரிந்த அதே குடும்பம், லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய காருக்கு மட்டும் செடிக்கு ஊற்றும் பைப்பைத் திருப்பிவிடும்!

கொஞ்சம் நம்பர் பார்க்கலாம். இந்தியக் குடிநீருக்கான தரம் ஐஎஸ் 10500. அதன்படி குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 1000 வரை. கடினத்தன்மை 200, வழியில்லாவிட்டால் 600. கரைந்த உப்புகள் மொத்தம் 500, வழியில்லாவிட்டால் 2000.

இப்போது இன்ஜின் பக்கம். டீசல் இன்ஜின் செய்யும் கேட்டர்பில்லர் கம்பெனி, கூலிங் சிஸ்டத்தில் ஊற்றும் தண்ணிக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. குளோரைடு அதிகபட்சம் 40, கடினத்தன்மை 170, மொத்த உப்புகள் 340. அதாவது மனுஷன் தாராளமாகக் குடிக்கக்கூடிய தண்ணியே இன்ஜினுக்கு ஆகாது! குடிக்கவே லாயக்கில்லாத போர் தண்ணியைப் பற்றி என்ன சொல்ல?

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. சாதாரண சின்னக் காரில் மொத்தம் நாலைந்து லிட்டர்தான் கொள்ளும். கொதித்து ஆவியாகப் போவது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அடுப்பில் குழம்பு சுண்டுவது மாதிரி. வாரம் அரை லிட்டர் குறைகிறது என்று டாப்-அப் செய்பவர் ஒரு வருஷத்தில் 26 லிட்டர் ஊற்றியிருப்பார். லிட்டருக்கு 1000 மில்லிகிராம் உப்புள்ள தண்ணி என்றால் 26 கிராம் உப்பு உள்ளே போயிருக்கும். ஸ்பூன் கணக்கில் நாலைந்து டீஸ்பூன். தெரிந்தே யாராவது ரேடியேட்டரில் நாலு ஸ்பூன் உப்பைக் கொட்டுவார்களா? குடத்தில் கலந்து கொடுத்தால் மட்டும் தைரியமாக ஊற்றுகிறார்கள்.

பொய் நம்பர் 3: "கூலண்ட் எல்லாம் பனி கொட்டுற ஊருக்கு சார்"

இதுதான் ஐந்திலும் பெரிய பொய். மெக்கானிக் சொல்வார், ஓனர் தலையாட்டுவார். "இங்க என்ன ஐஸா உறையுது?" என்று ஒரு சிரிப்பு வேறு.

தப்பு பெயரில் ஆரம்பித்தது. 1927ல் அமெரிக்காவில் எத்திலீன் கிளைக்காலை பிரெஸ்டோன் என்ற பெயரில் கார்களுக்காக விற்கத் தொடங்கியபோது அதன் வேலை தண்ணி உறையாமல் தடுப்பது. அதனால் 'ஆன்ட்டிஃப்ரீஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெயரைப் படித்துவிட்டு நம்மவர்கள் டப்பாவை ஓரம் வைத்துவிட்டார்கள்.

டப்பாவுக்குள் இருப்பது கிளைக்கால் மட்டும் இல்லை. துருத்தடுப்பு ரசாயனங்களும் இருக்கின்றன. இரும்பு, அலுமினியம், செம்பு, பித்தளை, ஈயப்பற்று என்று கூலிங் சிஸ்டத்தில் இருக்கும் ஒவ்வொரு உலோகத்தையும் காப்பாற்றுவது அவைதான். சென்னைக்கு வேண்டியது அதுதான். இரும்பு பிளாக்கும் அலுமினிய ஹெட்டும் ஒரே உப்புத் தண்ணியில் நனைந்தால் அது கிட்டத்தட்ட ஒரு பேட்டரி. கரைவது அலுமினியம். முழுக்க அலுமினிய இன்ஜின் என்றாலும் தப்பிக்க முடியாது. செந்துரு வராது, ஆனால் குளோரைடு அலுமினியத்தில் குழி குழியாக ஓட்டை போடும்.

சூட்டுக்கும் கூலண்ட் உதவும். சாதா தண்ணி 100 டிகிரியில் கொதிக்கும். கூலண்டும் தண்ணியும் சரிபாதி கலந்தால் 107 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தம் கொடுப்பதால் இரண்டும் இன்னும் ஏறும். 0.9 பார் மூடி என்றால் தண்ணி 118 வரை தாங்கும், கலவை 125ஐத் தாண்டும். சிக்னலில் நிற்கும் வண்டிக்கு அந்த ஏழெட்டு டிகிரி பெரிய விஷயம்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் வேண்டும். சுத்தமான தண்ணி கூலண்ட் கலவையைவிட அதிகச் சூட்டைச் சுமக்கும் என்பது உண்மை. அறிவியல் தெரிந்த சிலர் இதைச் சொல்லி மடக்குவார்கள். ஆனால் அது துருவும் படிவும் இல்லாத புது இன்ஜினில், சுத்தமான தண்ணியோடு மட்டும். போர் தண்ணி ஊற்றிய மறு வருஷமே அந்த லாபம் கம்பளிக்கடியில் போய்விடும்.

பொய் நம்பர் 4: "அந்தக் காலத்து வண்டியெல்லாம் தண்ணியிலதான் ஓடுச்சு"

ஓடியது. வாஸ்தவம். சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஓடியது, பிரீமியர் பத்மினி ஓடியது, 2014 மே மாசம் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரும் ஓடியது. எப்படி ஓடின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமல்லவா? டிக்கியில் எப்போதும் ஒரு தண்ணி கேன். மலை ஏறினால் பாதி வழியில் பானெட்டைத் தூக்கி வைத்து ஓய்வு. ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடும் வைத்தியம். இதையெல்லாம் தாத்தாக்கள் வீரக்கதை மாதிரி சொல்வார்கள். நோயாளியைப் பத்து முறை ஐசியூவில் சேர்த்ததைச் சொல்லி "பாரு, எவ்வளவு ஆரோக்கியம்!" என்று பெருமைப்படுவது போல இருக்கிறது.

அம்பாசடரின் பழைய பிஎம்சி இன்ஜினுக்கு பிளாக்கும் இரும்பு, ஹெட்டும் இரும்பு. ரேடியேட்டர் செம்பு-பித்தளை. அடைத்தால் கழற்றிக் கம்பி விட்டுக் குத்தி எடுக்கலாம், ஓட்டை விழுந்தால் பற்று வைக்கலாம். இன்றைய காரின் ரேடியேட்டர் அலுமினியம், அதன் குழாய்கள் தட்டையாகச் சன்னமாக இருக்கும், இரண்டு ஓரத் தொட்டிகளும் பிளாஸ்டிக். கம்பி விட்டுக் குத்த முடியாது. அடைத்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். தாத்தா வண்டி தாங்கியதைப் பேரன் வண்டி தாங்காது.

பொய் நம்பர் 5: "தெர்மாஸ்டாட்டைக் கழட்டிப் போட்டா சரியாயிடும்"

வண்டி இரண்டு முறை கொதித்தால் சென்னை மெக்கானிக் முதலில் கை வைப்பது இதில்தான். "நம்ம ஊருக்கு இது தேவையே இல்ல சார்" என்று கழற்றி ஓனர் கையிலேயே கொடுத்துவிடுவார். முள் கீழே இறங்கியதும் ஓனருக்கு ஏக சந்தோஷம்.

நடந்தது என்ன? துருவால் இறுகிப்போன வால்வை மாற்றாமல் தூக்கி எறிந்தாயிற்று. துரு அப்படியே உள்ளே இருக்கிறது. இன்ஜின் இப்போது சரியான சூட்டுக்கு வரவே நேரம் எடுக்கும். சூடு ஏறாத இன்ஜின் பெட்ரோலை அதிகம் குடிக்கும், சீக்கிரம் தேயும். ஜுரம் அடிக்கிறது என்று தெர்மாமீட்டரை உடைத்த கதைதான்.

சரி, இத்தனை பொய்யும் எப்படி உயிரோடு இருக்கின்றன? காமர்ஸ் படிக்கிற பசங்களுக்கு இது பழக்கமான விஷயம். முடிவு எடுப்பவர் ஒருவர், செலவு ஏற்பவர் இன்னொருவர் என்றால் இப்படித்தான் ஆகும். தண்ணி ஊற்றுவது டிரைவர். அன்றைக்கு மட்டும் வந்த ஆக்டிங் டிரைவராக இருந்தால் அவருக்கு வண்டி சாயங்காலம் வரை ஓடினால் போதும். "கூலண்ட் வேண்டாம்" என்று சொல்லும் மெக்கானிக்குக்கு நாளைக்கு ஹெட் கேஸ்கட் போனால் வேலை கிடைக்கும். (எல்லா மெக்கானிக்கும் வேண்டுமென்றே செய்வதில்லை. அவருக்குக் குருநாதர் சொன்னதை அவர் நம்புகிறார், அவ்வளவுதான்.) வாங்கிய மூணாம் வருஷமே வண்டியை விற்கப்போகும் முதல் ஓனருக்கும் கவலையில்லை. மொத்தத் துருவும் இரண்டாம் ஓனர் தலையில். அந்த இரண்டாம் ஓனர் பெரும்பாலும் கடன் வாங்கி செகண்ட் ஹேண்ட் வண்டி எடுத்து வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர். கத்திப்பாராவில் வண்டி நின்றால் அவருக்கு அன்றைய சாப்பாடு போச்சு, ஹெட் வளைந்தால் அந்த மாசத் தவணை போச்சு. மயிலாப்பூர் பங்களா வாசலில் ஊற்றிய போர் தண்ணிக்கு வேளச்சேரியில் ஒருவர் வட்டி கட்டுகிறார்.

கணக்கும் பார்த்துவிடலாம். கூலண்ட் லிட்டர் சில நூறு ரூபாய். அதோடு பேட்டரி தண்ணி, மெக்கானிக் கூலி எல்லாம் சேர்த்து இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை 1,500 ரூபாய் என்றே வைப்போம். நாளைக்கு இரண்டு ரூபாய் சொச்சம். எதிர்ப்பக்கம் வாட்டர் பம்ப், ரேடியேட்டர், ஹெட் கேஸ்கட், ஹெட்டை மட்டம் செய்யும் லேத் கூலி என்று எழுதினால் பல ஆயிரம். வருமான வரிக் கணக்கில் காருக்குப் பொதுவாக 15 சதவீதத் தேய்மானம் கொடுப்பார்கள். போர் தண்ணி தன் பங்குக்குத் தனி ரேட் போட்டுக்கொள்ளும், அதற்கு எந்த வரிச்சலுகையும் கிடையாது :-)

அப்போ என்னதான் செய்வது? பழைய வண்டியாக இருந்தால் இதோ.

முதலில் இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, காலையில், ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிக்கும் தண்ணி முகத்தில் பீய்ச்சும். இது பயமுறுத்தல் இல்லை, அப்படி வெந்துபோனவர்கள் உண்டு. தண்ணி டீ நிறமாக இருந்தாலோ, மூடியின் ரப்பரில் செம்மண் மாதிரி ஒட்டியிருந்தாலோ துரு உறுதி.

அடுத்து வடிப்பது. ரேடியேட்டரைத் திறந்து வடித்தால் பாதிதான் வெளியே வரும். மீதி பிளாக்கில் நிற்கும். பல வண்டிகளில் பிளாக்கிலேயே வடிக்கும் போல்ட் தனியாக இருக்கும், அதையும் திறக்கச் சொல்ல வேண்டும். சென்னையில் யாரும் தொடாத இன்னொரு இடம் கார் ஹீட்டர். வருஷக்கணக்கில் திருகாத அந்தக் குமிழைச் சூடு பக்கம் திருப்பி வைத்துக் கழுவினால்தான் அதற்குள் தேங்கிய துரு வெளியே வரும்.

பிறகு கடையில் விற்கும் ரேடியேட்டர் ஃப்ளஷ், டப்பாவில் போட்டிருக்கும் அளவு, போட்டிருக்கும் நேரம் மட்டும். சில பட்டறைகளில் பாத்ரூம் ஆசிட் ஊற்றுவார்கள். துருவோடு சேர்த்து அலுமினியத்தையும் அது தின்றுவிடும், விடவே கூடாது. தண்ணி தெளிவாக வரும்வரை கழுவி, கடைசிக் கழுவலுக்கு பேட்டரி தண்ணி. புது தெர்மாஸ்டாட், புது மூடி, வெடித்த ஹோஸ் இருந்தால் புதுசு. இதெல்லாம் ஜி.பி. ரோட்டில் ஒரே நடையில் கிடைக்கும். கடைசியில் கம்பெனி புத்தகம் சொல்லும் ரகக் கூலண்ட், பேட்டரி தண்ணியோடு சரிபாதி. பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து வாங்கக்கூடாது. நிறத்துக்குப் பொதுத் தரம் எதுவும் கிடையாது. ரகத்தைப் பார்க்க வேண்டும், இரண்டு ரகத்தைக் கலக்கவும் கூடாது. பழைய ரகம் என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். நீண்ட ஆயுள் ரகம் ஐந்து வருஷம்கூட வரும். நடுவழியில் மாட்டிக்கொண்டால் கேன் தண்ணி ஊற்றி வீடு வந்து சேரலாம், ஆனால் அந்த வாரமே மாற்றிவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கழுவியதும் சில வண்டிகள் ஒழுக ஆரம்பிக்கும். "பாத்தீங்களா சார், கூலண்ட் ஊத்தினதாலதான்" என்று உடனே ஒரு குரல் வரும். ஓட்டை ஏற்கெனவே விழுந்தாயிற்று, துருதான் அதை அடைத்துக்கொண்டிருந்தது. அந்த அடைப்பை நம்பித்தான் இத்தனை நாள் நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போய் வந்திருக்கிறார்கள்.

வடித்த தண்ணியைத் தெருவில் ஊற்றுவதும் இதே அலட்சியம்தான். கிளைக்கால் விஷம், ஆனால் இனிக்கும். தெரு நாயும் பூனையும் நக்கிச் சாகும். மழைநீர் வடிகாலில் விட்டால் அடையாற்றுக்கோ கூவத்துக்கோ பக்கிங்ஹாம் கால்வாய்க்கோ போய்ச் சேரும். வாசலில் ஊற்றினால்? 2003ல் சட்டம் போட்டு வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புக் குழி வெட்ட வைத்தார்களே, அடுத்த மழையில் அதற்குள் இறங்கும். அங்கிருந்து கிணற்றுக்கு. கிணற்றிலிருந்து மோட்டார் போட்டு மேலே. அதனால் பழைய கேனில் பிடித்து மூடி, கழிவு எண்ணெயை முறையாக எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கேட்டுக் கொடுப்பதுதான் மரியாதை.

நாளைக்குக் காலையில் இதைப் படிக்கிறவர் வீட்டு வாசலில் கார் நின்றால், ஸ்டார்ட் செய்யும் முன் அந்த மூடியை ஒரு தடவை திறந்து பார்க்கட்டும். வீட்டில் கார் இல்லை என்றால், தெரிந்த டாக்ஸி டிரைவர் அண்ணன் ஒருவரிடம் இதைச் சொல்லட்டும். அவருக்குத்தான் இது அதிகம் தேவைப்படும்.